மலேசியத் தமிழ் எழுத்தாளரின் பிழைப்பும் படைப்பும்: சித்தியவானை முன்வைத்துச் சில கருத்துகள்

முன்னுரை

மலேசியத் தமிழ் இலக்கியம் குறித்த ஆய்வுகளில் எழுத்தாளரின் தொழில் ஒரு வரியில் முடிந்துவிடுவது வழக்கம். பிறந்த ஊருக்கும் பெற்ற பரிசுகளுக்கும் இடையில் ‘ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்’ என்றோ ‘வானொலியில் பணியாற்றியவர்’ என்றோ குறித்துவிட்டு, ஆய்வாளர் கதைக்கருவுக்கும் பாத்திரப் படைப்புக்கும் சென்றுவிடுகிறார். நம் மாணவர்களின் ஆய்வேடுகளிலும் இவ்வாறு எழுதுவதை நாம் ஏற்றே வந்துள்ளோம். ஆயின் அந்த ஒரு வரி வெறும் வாழ்க்கைக் குறிப்பாகாது. ஓர் எழுத்தாளர் எவ்வளவு எழுதினார், எந்த வடிவத்தில் எழுதினார், எப்பொழுது எழுதாமல் இருந்தார் என்பவற்றை அவருடைய பிழைப்பே பெரிதும் தீர்மானித்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சித்தியவானில் தமிழாசிரியர்களுக்கும் ஆறாம் படிவ மாணவர்களுக்குமாக நடைபெற்ற சிறுகதைப் பயிலரங்கு ஒன்றில் நாம் உரையாற்றினோம். நோக்குநிலை, பாத்திரம், தொடக்கம், முடிவு என வழக்கமான தலைப்புகளே. கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, எழுதுவதையே வேலையாகச் செய்ய வேண்டுமென்றால் என்ன படிக்க வேண்டும்?” என்று கேட்டார். அவையில் சிரிப்பு எழுந்தது. அதில் கேலி இல்லை. தாமும் ஒரு காலத்தில் கேட்டுக் கைவிட்ட கேள்வியை மீண்டும் செவியுற்றவர்களின் சிரிப்பு அது. நாமும் சிரித்துவிட்டு, “முதலில் ஆசிரியராகுங்கள், ஓய்வு நேரத்தில் எழுதலாம்” என்றோம். மாணவி நன்றி கூறி அமர்ந்தார். அவருடைய தந்தை செம்பனைத் தோட்டமொன்றில் வேலை செய்பவர் என்பதைத் தேநீர் வேளையில் ஆசிரியர் ஒருவர் கூறினார். நாம் அளித்த விடை பொய்யன்று. எனினும் அது விடையும் அன்று என்பதை ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் உணர்ந்தோம்.

எழுத்து வேலையும் ஊதியமும்

சித்தியவான் இக்கேள்வி எழுவதற்குப் பொருத்தமான ஊரே. ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் மஞ்சோங் மாவட்டத்தில் உள்ள இவ்வூரில், 1903இல் சீனத்தின் பூச்சௌ வட்டாரத்திலிருந்து வந்த மெதடிஸ்து குடியேறிகள் இரப்பர் பயிரிட்டு நிலைபெற்றனர். சுற்றியிருந்த பெருந்தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் தமிழர்கள். இன்று அத்தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோரில் பலர் வீடமைப்புப் பகுதிகளுக்குச் சென்றுவிட்டனர். பட்டணத்தின் மகா கணேச வித்தியாசாலையும், வால்புரூக் போன்ற தோட்டங்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகளும், கோயில்களும், பொது இயக்கங்களுமே தமிழில் எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடி வரும் நிறுவனங்கள்.

அவை தேடி வராத நாளே இல்லை எனலாம். கும்பாபிஷேகம் நெருங்கினால் மலருக்குத் தலவரலாறு வேண்டும். தலைமையாசிரியர் பணி ஓய்வு பெற்றால் பாராட்டு மடல் வேண்டும். திருமணத்திற்கு வாழ்த்துப்பா, இறந்தோர்க்கு நினைவஞ்சலி வரிகள், விளையாட்டுப் போட்டிக்கு வரவேற்புரை, சட்டமன்ற உறுப்பினர் வாசிக்க ஓர் உரை, பள்ளி நூற்றாண்டு மலருக்குப் ‘பள்ளி வரலாறு’ என இப்பட்டியல் நீளும். இவற்றை ஒரே ஊரில் ஒரே ஆசிரியர் இருபது, முப்பது ஆண்டுகள் எழுதிக் கொடுத்திருப்பதை நாம் பல இடங்களில் கண்டுள்ளோம். அவர் பெறுவது ஒரு பொன்னாடை. சில வேளை ஒரு பழக்கூடை. ஆகவே சிற்றூரில் எழுதத் தெரிந்தவருக்கு வேலை இல்லை என்பது பிழையான கூற்று. வேலைக்குக் குறைவில்லை, கூலிதான் இல்லை. மலரை அச்சிடுபவருக்கும், பந்தல் போடுபவருக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும் விலைச்சீட்டுப்படி பணம் தரும் நிருவாகக் குழு, எழுதியவருக்கு மட்டும் நன்றியுரையில் ஒரு வரி தருகிறது. தமிழ்த்தொண்டு என்ற சொல் இதற்கு மிக வசதியாக அமைந்துவிட்டது. அச்சொல்லின் மதிப்பை நாம் குறைக்க விரும்பவில்லை. ஆனால் தொண்டு என்பது செய்பவர் தாமே தேர்ந்துகொள்வது. இங்கோ அதனைக் கேட்பவரே தேர்ந்துவிடுகிறார்.

ஆசிரியரின் பிற்பகல்

தோட்டத்தில் எழுத்து யாரிடம் இருந்தது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு: கிராணி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகங்களின்மீது பள்ளி நடத்தும் கடமையை விதித்தது. அக்கடமையை மிகக் குறைந்த செலவில் நிறைவேற்றவே நிருவாகங்கள் முயன்றன. ஆசிரியரும் தோட்டத்தின் ஊழியரே. காலையில் பாடம், பிற்பகலில் லயத்து மக்களுக்குத் தமிழகத்துக் கடிதங்களை வாசித்தல், மனு எழுதுதல், தைப்பூசத்திற்கு நாடகம் பழக்குதல். எஞ்சிய நேரத்தில் எழுதியதே நம் இலக்கியத்தின் பெரும்பகுதி. நாட்டின் விடுதலையை ஒட்டிய கல்விச் சீர்திருத்தங்களால் ஆசிரியரின் ஊதியம் நிலைபெற்றபோது, ஆசிரியர் பணி எழுத்தாளருக்குக் கிட்டிய முதல் உறுதியான நிழலாயிற்று. நாம் அம்மாணவிக்குக் கூறிய விடை இவ்வரலாற்றிலிருந்தே வந்தது.

இந்நிழலின் விளைவுகள் நம் சிறுகதைகளில் வெளிப்படை. முதலாவது அளவு. ஞாயிறு பதிப்பின் ஒரு பக்கமும், பள்ளி முடிந்த ஒரு பிற்பகலும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் கொள்ளும். மலேசியத் தமிழில் சிறுகதை ஓங்கியும் நாவல் தாழ்ந்தும் நிற்பதற்குக் கற்பனைக் குறைவைக் காரணம் காட்டும் திறனாய்வாளர்கள் பள்ளிக் கால அட்டவணையையும் ஒருமுறை பார்த்தல் நலம். அடுத்தது குரல். குடிப்பவன் திருந்துகிறான், படிக்காத மகன் வருந்துகிறான், கதைசொல்லி இறுதிப் பத்தியில் சிவப்பு மையால் திருத்துகிறார். கரும்பலகையின் முன் நின்று பழகிய குரல், வாசகரையும் வகுப்பாகவே கருதிவிடுகிறது. இக்குறை பலரிடம் உண்டு. அதனை எழுத்தாளரின் திறமைக் குறைவாக மட்டும் காண்பதும் போதாது.

தலைமையாசிரியராய் இருந்து ஓய்வுபெற்ற அ. ரெங்கசாமியின் நாவல்கள் இங்கு உற்று நோக்கத்தக்கன. 1930இல் பிறந்த அவருடைய ‘லங்காட் நதிக்கரை’யும், சயாம் மரண இரயில் பாதையைப் பொருளாகக் கொண்ட ‘நினைவுச் சின்னம்’ நாவலும் 2005ஆம் ஆண்டில் வெளிவந்தவை. அவருக்கு அப்பொழுது வயது எழுபத்தைந்து. சப்பானியர் ஆட்சியைச் சிறுவனாகக் கண்ட ஒருவர், இவ்விரு நாவல்களை நம்மிடம் சேர்ப்பதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின. நினைவு முதிர அத்தனை காலம் தேவைப்பட்டது என்று கூறுவது அழகாக இருக்கலாம். நாவலுக்கு வேண்டிய தொடர்ச்சியான காலைப்பொழுதுகள் பணி ஓய்வுக்குப் பின்னரே கிடைக்கும் என்பதும் உண்மை. நம் நாவலின் புரவலர் யார் என்று கேட்டால், ஓய்வூதியம் என்று விடை கூற நேரும். அத்தகைய புரவலரை அடையுமுன்னரே இறந்துபோனவர்களின் எழுதப்படாத நாவல்களைப் பற்றி எந்த ஆய்வேடும் பேசுவதில்லை.

செய்தித்தாளும் வானொலியும்

எழுத்தையே வேலையாகக் கொள்ள விரும்பியவர்களுக்கு நீண்ட காலம் திறந்திருந்த கதவு நாளிதழ். கு. அழகிரிசாமியின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. பதிவாளர் அலுவலக எழுத்தராக இருந்த வேலையை விட்டுச் சென்னைக்குச் சென்று, ‘பிரசண்ட விகடன்’, ‘சக்தி’ ஆகிய இதழ்களில் பணிபுரிந்த அவர், 1950களில் கோலாலம்பூருக்கு வந்து ‘தமிழ் நேச’னில் ஆசிரியப் பொறுப்பேற்றார். 1957இல் தமிழகம் திரும்பிய பின்னரும் ‘நவசக்தி’ முதலிய இடங்களில் மாத ஊதியத்திற்கே உழைத்தார். 1970இல் நாற்பத்தேழு வயது நிரம்புமுன் மறைந்தார். ‘அன்பளிப்பு’ தொகுதிக்குச் சாகித்திய அகாதமி விருது அவர் மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. தமிழின் தலைசிறந்த சிறுகதையாசிரியர்களுள் ஒருவர் மலாயாவுக்கு வந்ததை நாம் இலக்கிய வரலாற்றின் பெருமையாக எழுதுகிறோம். அது வேலை தேடி வந்த பயணம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அவர் வருமுன்னரே, 1950–51இல், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதே நாளிதழில் ‘கதை வகுப்பு’ நடத்தினர். எழுத்தைக் கற்பிக்கும் திட்டம் இந்நாட்டுத் தமிழில் அக்காலத்திலேயே இருந்தது என்பது வியப்புக்குரியது. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம் எழுத்துப் பட்டறையைத் தொடங்கியது 1936இல். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகம் முதுகலை நிலையில் படைப்பெழுத்தைத் தொடங்கியது 1970இல். நம் கதை வகுப்பு இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஆனால் அயோவாவில் பயின்றவர் பட்டத்துடன் வெளியேறி மற்றொரு கல்லூரியில் அதே பாடத்தைக் கற்பிக்கச் செல்ல முடிந்தது. கதை வகுப்பில் தேறியவர் மறுநாள் காலை தம் பள்ளிக்கோ தோட்ட அலுவலகத்துக்கோ திரும்பினார். முனைவர் பட்ட ஆய்வுக்காக அயல்நாட்டில் இருந்த ஆண்டுகளில், மேனாட்டு எழுத்தாளர்கள் நூலுரிமைத் தொகையால் வாழ்கின்றனர் என்ற நம் எண்ணம் விரைவில் கலைந்தது. நாம் சந்தித்த நாவலாசிரியர்களில் பலரும் ஆசிரியர்களே. வேறுபாடு ஒன்றுதான்: அவர்களுக்கு ஊதியம் தந்த பணியும் எழுத்தைப் பற்றியதாகவே இருந்தது.

நாளிதழ் தந்த கதவு குறுகலானது. ‘வானம்பாடி’ வார இதழையும், பின்னர்த் ‘தமிழ் ஓசை’, ‘மலேசிய நண்பன்’ நாளிதழ்களையும் நடத்திய ஆதி. குமணன் 2005இல் மறையும்வரை எத்தனையோ இளைஞர்களை எழுதத் தூண்டினார். தலையங்கங்களால் ஒரு வாசகர் கூட்டத்தையே உருவாக்கினார். அவருடைய சொந்தப் படைப்பிலக்கியம் அச்செயற்பாடுகளின் அளவுக்கு வளரவில்லை என்பது நம் கணிப்பு. அன்றாடம் அச்சுக்குச் செல்ல வேண்டிய எழுத்து, பொறுத்திருந்து எழுத வேண்டிய எழுத்தை உண்டுவிடுகிறது. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றபோது அதனைப் பண்பாட்டு இழப்பாகப் பலரும் எழுதினர். எழுதி ஊதியம் பெறும் மேசைகள் சில அன்று மறைந்தன என்பதை எழுதியோர் சிலரே.

வானொலி வேறு வகை. ரெ. கார்த்திகேசு மலேசிய வானொலி, தொலைக்காட்சியில் பணியாற்றியபின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தகவல் சாதனத் துறைப் பேராசிரியரானவர். அவருடைய உரைநடையில் ஒலிவாங்கியின் பயிற்சி தெளிவாகக் கேட்கிறது. ஒருமுறை கேட்டாலே பொருள் விளங்கும் வாக்கியம், நீளாத உரையாடல், அளவு மீறாத உணர்ச்சி. 1998இல் வெளிவந்த ‘அந்திம கால’த்தில் நோயுற்ற முதியவரின் மரண அச்சத்தை அவர் முழக்கமின்றிச் சொல்ல முடிந்ததற்கு இப்பயிற்சியும் காரணம் எனலாம். மருத்துவர் மா. சண்முகசிவாவின் கதைகளிலோ நோயாளியின் முன் அமர்ந்து கேட்டுப் பழகியவரின் பொறுமை உண்டு. அவர் பாத்திரங்களைத் திருத்த முற்படுவதில்லை. இவ்விருவரையும் ஆசிரியர்–எழுத்தாளர் மரபோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வேடு எழுதப்பட வேண்டும். தமிழகத்திலும் நாகர்கோவில் துணிக்கடை சுந்தர ராமசாமிக்கும், ஜெமினி ஸ்டூடியோ அசோகமித்திரனுக்கும் தந்ததைப் பற்றித் திறனாய்வாளர்கள் பேசத் தொடங்கி வெகு காலமாயிற்று.

நூல் வெளியீடு என்னும் பொருளாதாரம்

அண்டை வீட்டையும் பார்ப்போம். 1956இல் நிறுவப்பட்ட டேவான் பஹாசா டான் புஸ்தாகா, மலாய் எழுத்தாளர்களுக்கு நூல் வெளியிட்டதோடு நில்லாமல் வேலையும் தந்தது. கெரிஸ் மாஸ், உஸ்மான் அவாங் இருவரும் அங்குப் பணியாற்றியவர்கள். 1981இல் தொடங்கப்பட்ட தேசிய இலக்கியவாணர் விருதை முதலில் பெற்றவர் கெரிஸ் மாஸ். உஸ்மான் அவாங் 1983இல் பெற்றார். அவ்விருது மலாய்மொழிப் படைப்புக்கே உரியது. தமிழ் எழுத்தாளருக்கு இத்தகைய நிறுவனம் ஒன்றும் அமையவில்லை. அந்த வெற்றிடத்தில் நம் சமூகம் தானாகக் கண்டுபிடித்த ஏற்பாடுதான் நூல் வெளியீட்டு விழா.

இவ்விழாவின் இயக்கம் நம் வாசகர்கள் அனைவரும் அறிந்ததே, எனினும் எழுதிவைக்கப்படவில்லை. எழுத்தாளர் தம் சேமிப்பில் நூலை அச்சிடுகிறார். மண்டபம் எடுக்கப்படுகிறது. தொழிலதிபர் அல்லது அரசியல் தலைவர் ஒருவர் ‘முதல் நூல்’ பெறுகிறார். அதற்கென ஒரு தொகை அறிவிக்கப்படுகிறது. பின்னர்ச் ‘சிறப்பு நூல்’ பெறுவோர் வரிசையாக மேடையேறுகின்றனர். ஏனையோர் கடித உறையில் பத்து, இருபது, ஐம்பது வெள்ளி வைத்து நூலைப் பெற்றுச் செல்கின்றனர். அன்று இரவு அச்சகக் கடன் தீர்ந்தால் விழா வெற்றி. மறுநாள் முதல் அந்நூலுக்குச் சந்தை இல்லை. எஞ்சிய படிகள் எழுத்தாளர் வீட்டு அலமாரிக்குச் செல்கின்றன. கடைக்காரரோ விநியோகிப்பாளரோ இன்றி, ஒரே மாலைப்பொழுதில் ஒரு நூலின் முழுப் பொருளாதாரமும் தொடங்கி முடிகிறது. எழுத்தாளரைக் கடனிலிருந்து காத்த ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஏளனம் செய்வோர் இதற்கு மாற்று என்ன என்று கூறியதில்லை.

ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. அதனைச் செலுத்தியது திறனாய்வு. வெளியீட்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் ‘நூலாய்வு’ என்றோர் அங்கம் உண்டு. பல்கலைக்கழக விரிவுரையாளர் அதற்கு அழைக்கப்படுகிறார். அவர் பேசி முடித்தபின்னரே உறைகள் மேடைக்கு வருகின்றன. நூலின் மூன்றாம் இயல் தளர்ந்துள்ளது, முடிவு வலிந்து அமைந்துள்ளது என்று அம்மேடையில் யார் கூறுவார்? பேராக் மாநிலத்திலும் பிற இடங்களிலும் இத்தகைய மேடைகளில் நாம் பலமுறை பேசியுள்ளோம். முன்வரிசையில் எழுத்தாளரின் மனைவி மக்களும், அச்சகத்தாரும் அமர்ந்திருக்க, குறிப்பேட்டில் எழுதிச் சென்ற குறைகளைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டியதும் உண்டு. பின்னர் அவ்வுரையே கட்டுரையாகி, மாணவர் ஆய்வேட்டில் மேற்கோளாகிறது. மலேசியத் தமிழ்த் திறனாய்வு புகழுரையாகவே நின்றுவிட்டது என்று கருத்தரங்குதோறும் வருந்துகிறோம். அதன் காரணத்தை நெஞ்சுரக் குறைவில் தேடுவதைவிட அந்தக் கடித உறைகளில் தேடுவதே பொருந்தும். எழுத்தாளருக்கு எழுத்தால் வருவாய் வராத இடத்தில், திறனாய்வாளரின் சொல் நன்கொடைக்கு முன்னுரையாகிவிடுகிறது.

மாணவிக்கு நாம் கூறாதவை

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். எழுதி ஊதியம் பெறும் வழிகள் இந்நாட்டில் தமிழுக்கு இல்லாமல் இல்லை. நாம்தான் அவற்றை இலக்கியத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்தியுள்ளோம். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுக்குப் பாடநூல்களும் பயிற்சி நூல்களும் வேண்டும். இந்நாட்டில் விற்பனையாகும் தமிழ் எழுத்து பெரும்பாலும் அதுவே. 1996இல் அஸ்ட்ரோ ஒளிபரப்புத் தொடங்கியபின் நாடக வசனம், வசன வரி மொழிபெயர்ப்பு, விளம்பரச் சொல்லாக்கம் ஆகியவற்றுக்கு ஆள் தேவைப்பட்டது. நீதிமன்ற மொழிபெயர்ப்பு, சுகாதாரத் துண்டறிக்கை, கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, வங்கிப் படிவம் ஆகியனவும் எழுத்தே. இவற்றில் காணும் மோசமான தமிழைப் பற்றி நாம் கடிதம் எழுதுகிறோம். அதனைச் செம்மையாக எழுத ஒருவரையேனும் பயிற்றுவித்தோமா? தமிழ் பயிலும் மாணவர்க்குத் தொல்காப்பியமும் சங்க இலக்கியமும் நாவல் திறனாய்வும் கற்பிக்கிறோம். ஒரு நிமிடக் காட்சிக்கு எத்தனை எழுத்துகளில் வசன வரி அமைக்கலாம், ஒரு பக்க மொழிபெயர்ப்புக்கு எவ்வளவு கேட்கலாம் என்பன நமக்கே தெரியாதவை.

இவ்வேலைகள் படைப்பாற்றலைக் கெடுக்கும் என்று மூத்தோர் சிலர் கூறுவர். வசன வரி எழுதுபவர் நாவலாசிரியர் ஆவார் என்று நாமும் உறுதி கூறவில்லை. ஆசிரியர் பணியும் எழுத்தைப் பாதித்தது, நாளிதழும் பாதித்தது. ஆனால் இரண்டு வரியில் ஒரு கோபத்தை அடக்கிப் பழகியவர், இறுதிப் பத்தியில் வாசகருக்கு அறிவுரை கூற மாட்டார் என்று எதிர்பார்க்க இடமுண்டு.

பயிலரங்குக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அம்மாணவியிடமிருந்து ஒரு மடல் வந்தது. அவர் ஆசிரியராகவில்லை. வேறு துறையில் பட்டம் பெற்று, பகுதி நேரமாக மலாய் நாடகங்களுக்குத் தமிழ் வசன வரி எழுதுகிறார். நிமிடக் கணக்கில் ஊதியம். கதையும் எழுதுகிறாரா என்பதைக் குறிப்பிடவில்லை. அவர் கேட்டிருந்தது ஒரு சொல்லைப் பற்றி. தோட்டப் பின்னணி கொண்ட ஒரு நாடகத்தில் ‘கெரானி’ என்று வருமிடத்தில் அவர் ‘கிராணி’ என்று எழுதியிருக்கிறார். சரிபார்த்தவர் அது கொச்சை என்று நீக்கிவிட்டு ‘எழுத்தர்’ என்று மாற்றிவிட்டாராம். தம் பாட்டி வாழ்நாள் முழுதும் கிராணி என்றே கூறியவர். பெரட்டில் பெயர் வாசித்த கிராணியை எழுத்தர் என்றால் அவருக்கு யாரென்றே தெரியாது. எது சரி, ஐயா என்று கேட்டிருந்தார். பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவர் எழுத்தர், தோட்டத்தில் இருந்தவர் கிராணி என்று அன்றிரவே விடை எழுதினோம். சரிபார்ப்பவரிடம் காட்ட வேண்டும், துறையின் முகவரித் தாளில் எழுதித் தர முடியுமா என்று மறுநாள் கேட்டார். முத்திரையுடன் அனுப்பி வைத்தோம்.